என் முழங்கால் சொன்ன சாட்சி

அன்றைக்கு வண்டியை ஓட்டியது நான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. வண்டியும் அவளுடையதுதான். உரக்கடைக்குப் போய்விட்டு வரலாம் என்று அவள் கிளம்பியபோது, ஓட்டி ரொம்ப நாளாயிற்று, நான் ஓட்டுகிறேனே என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவளுடைய ஊர். அவள் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். என் மாமனார் காலம் வரை என் கணவரின் குடும்பம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிய நிலத்தை இன்றைக்கு முழுசாகப் பார்த்துக்கொள்வது நாத்தனார்தான். என் கணவருக்கு வங்கி வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை வேலை. நாங்கள் தஞ்சாவூரில் மாடி வீட்டில் இருந்துகொண்டு, லீவு நாளில் ஊருக்குப் போய் அரிசி மூட்டையோடு திரும்புகிறவர்கள்.

குறுவை அறுப்பு நேரம் அது. எங்கள் பக்கத்தில் அந்தச் சமயம் தார் ரோட்டில் பாதி ரோடாக இருக்காது, நெல் காயும். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். எதிரே மினி பஸ் வந்தது. நான் ஓரம் ஒதுங்கினேன். முன் சக்கரம் நெல்லில் ஏறியது. பிரேக்கைப் பிடித்திருக்கக் கூடாது, பிடித்தேன். மணலில் சறுக்குகிற மாதிரி வண்டி சறுக்கி, இரண்டு பேரும் விழுந்தோம்.

என் வலது முழங்கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. அவளுடைய இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியது. மூங்கில் குச்சி முறிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னாள். ஆனால் நெல்லுக்குக் காவல் இருந்த அம்மாள் ஓடிவந்து எங்களைத் தூக்கும்போது அவள் கேட்டது என்னைப் பற்றித்தான். "அண்ணி, உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?"

மறுநாள் தஞ்சாவூரில் இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். முழங்காலுக்கு உள்ளே குறுக்காக ஓடி எலும்புகளைப் பிடித்துவைக்கிற ஜவ்வு எனக்குப் பாதி கிழிந்திருந்தது. அவளுக்கு முழுசாக அறுந்திருந்தது. எனக்குப் பட்டை போட்டு, உடற்பயிற்சி செய்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். வயலில் இறங்கி வேலை பார்க்கிறவள் என்பதால் அவளுக்கு ஆபரேஷன்தான் நல்லது என்றார்.

அவள் மறுத்தாள். சம்பாவுக்கு நாற்று தயாராக இருக்கிறது, நாற்றின் வயது தாண்டிவிடும், நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்றாள். என் கணவர் சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. வீக்கம் வடிந்ததும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

எனக்கு வலியைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு மாடியில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவேன். கூட வேலை பார்க்கும் ஒருவர், வெளியூரில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள், கத்தி வைக்காமல் ஜவ்வு வளர்ந்துவிடுகிறது என்று சொன்னார். போனேன். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். அதை ஒரு மெஷினில் சுழற்றிப் பிரித்து, முழங்காலுக்குள் ஊசியாகப் போட்டார்கள். உடற்பயிற்சியை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, அதை விட்டால் எதுவும் பலிக்காது என்று அந்த டாக்டரே சொன்னார். அதனால் பிசியோதெரபி படித்த ஒரு பெண் சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வந்தாள். நான் அவள் சொன்னபடி காலைத் தூக்கினேன், மடக்கினேன், சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து எழுந்தேன்.

பொங்கலுக்குள் கைப்பிடியைத் தொடாமலே மாடிப்படி ஏறிவிட்டேன். ஊசியா, பயிற்சியா, தானாகவே ஆறியதா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் எதனால் என்ன நடந்தது என்று சொல்ல முடியும் என்று வகுப்பில் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் என் முழங்கால் விஷயத்தில் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஊசிதான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்த முறை கிளினிக்கில் காட்டப் போனபோது, உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் பேசுங்களேன் என்று கேட்டார்கள். பச்சைப் புடவை கட்டியிருந்தேன். அவர்கள் மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டினேன். ஆபரேஷன் இல்லாமலே குணமாகிவிட்டேன், பயப்படாமல் வாருங்கள் என்று போனைப் பார்த்துச் சொன்னேன். பொய் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். முதலில் கட்டைவிரலை உயர்த்திய படம் அனுப்பியவள் நாத்தனார்.

சம்பா அறுப்பு முடிந்ததும் அவளே போன் பண்ணினாள். எனக்குப் போட்ட ஊசியைத் தனக்கும் போடலாமா என்று கேட்டாள். என் கணவர் ஆபரேஷனையே செய்துவிடலாம் என்றார். நான்தான் அவரோடு வாதாடினேன். ஆபரேஷன் என்றால் அவள் மாதக்கணக்கில் வயலுக்கு இறங்க முடியாது, ஊசி என்றால் சீக்கிரம் எழுந்துவிடுவாள் என்றேன். அவளுக்கும் புரியவைத்தேன். பாடப் புத்தகத்தில் ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று பேர். "வாழை வெட்டுனா குருத்து வருதுல்ல, அந்த மாதிரி உள்ளுக்குள்ள புதுசா வளரும்" என்று சொன்னேன். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, முழுசாக அறுந்த ஜவ்வு, உறுதியாகச் சொல்ல முடியாது, போட்டுப் பார்க்கலாம் என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "போட்டுப் பார்க்கலாம்னு சொல்றாரே" என்றேன் நான். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் அவள் கையில் கொடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு போனில் எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்பாள். வலி இருக்கிறதா என்றால் இல்லை. நடக்க முடிகிறதா என்றால் ஓடவே முடிகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் குறுவைக்கு உழுதாயிற்று என்றாள், நடவு முடிந்தது என்றாள். நான் ஆசிரியர் அறையில் இதையும் சொன்னேன். என் நாத்தனாருக்கும் ஊசி கேட்டுவிட்டது, அவளுக்கு முழுசாக அறுந்திருந்தது தெரியுமா என்று. வெயில் காலம் முழுக்க அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு முறையாவது கீரையும் தேங்காயும் எடுத்துக்கொண்டு வந்து மாடியேறி விடுகிறவள். வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. மதியமே முடிந்துவிட்டதால் சொல்லாமல் கொள்ளாமல் அவளைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. வயலுக்கு நடந்தேன். முதல் நாள் மழை பெய்து வரப்பெல்லாம் வழவழவென்று இருந்தது. கொஞ்ச தூரத்தில் அவளைப் பார்த்தேன். அவள் வரப்பில் நடக்கவில்லை. வாய்க்காலுக்குள், முழங்கால் அளவு தண்ணீரில், கரையை ஒரு கையால் பிடித்தபடி நடந்து போய்க்கொண்டிருந்தாள். மடை திறப்பதற்காக ஒவ்வொரு வயலாக அப்படியே தண்ணீருக்குள்ளேயே போனாள்.

கூப்பிட்டேன். திரும்பியவள் முகத்தில் ஒரு திகைப்பு. பிறகு சிரித்தாள். வெயிலுக்குத் தண்ணீரில் நடந்தால் சுகமாக இருக்கிறது என்றாள். நான் கையை நீட்டினேன். அவள் கரையேறக் காலை ஊன்றியதும் முழங்கால் ஒருபக்கமாக நழுவியதை என் கண்ணால் பார்த்தேன். தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் ஒரு பக்கமும் போவது போல இருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மடங்கிய கால் நீளவில்லை. நீட்டப் பார்த்தால் ஏதோ நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவள் சேற்றுக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஊசி போட்ட நாள்லேர்ந்து இப்படித்தான் அண்ணி. ஒரு நாளும் கேக்கல."

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் சேர்த்தார்கள். என் கணவர் காரோடு வந்தார். வழியெல்லாம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இந்த முறை அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்த எலும்பு டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையானவர். ஜவ்வு இல்லாத முழங்கால் நழுவும்போதெல்லாம், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு நசுங்கும் என்று விளக்கினார். இத்தனை மாதமாக நழுவி நழுவி, அது கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்கு நடுவில் போய் மாட்டியிருந்தது. அதனால்தான் கால் நீளவில்லை. ஜவ்வைப் புதிதாக வைத்துவிடலாம், தொடைத் தசைநாரிலிருந்தே எடுத்து வைப்போம். ஆனால் மெத்தையில் ஒரு பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அது திரும்ப வராது என்றார். முதலிலேயே வந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதை அவர் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இத்தனை நாள் ஏம்மா விட்டுட்டீங்க?" என்று அவளிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "வயல் வேலைங்க சார், நேரமே இல்லை" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊசி போட்ட விஷயத்தை என் கணவர்தான் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. இது பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு நல்லது வரலாம், ஆனால் இன்றைய நிலையில் முழுசாக அறுந்துபோனதை ஒரு ஊசியால் ஒட்டவைத்துவிட முடியும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். எனக்குக் குணமானதே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "உங்களுக்குப் பாதிதானே கிழிஞ்சிருந்துச்சு. ஊசி இல்லாமலும் சரியாயிருக்கலாம்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் கணவரும் கீழ் வீட்டுக்காரரும் மாடிக்குத் தூக்கினார்கள். எனக்குப் பயிற்சி கொடுத்த அதே பெண் அவளுக்கும் வந்தாள். நான் செய்த அதே பயிற்சிகள்தான். ஆனால் எனக்குச் சும்மா இழுத்துப் பிடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்தாள். அவள் காலை மடக்கும் நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. அப்படியும் நின்றேன்.

தினமும் எப்படியாவது அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். காபி கொடுக்கும்போது, காயக் கட்டு மாற்றும்போது, நான் அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருந்திருந்தால், நான் அந்த வீடியோவைப் போடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பேன். அவள் விடுங்க அண்ணி என்பாள். ஒரு நாள் அப்படிச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"நீங்க தினமும் இதையே சொன்னா நான் தினமும் உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். எனக்குக் கால மடக்கவே தெம்பு பத்தல."

அது சுருக்கென்று தைத்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தது மன்னிப்பு இல்லை என்று புரிந்தது. அவளிடமிருந்து ஒரு நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு, ஏன் என்னிடம் மறைத்தாய் என்று மட்டும் கேட்டேன். அவள் யோசித்துப் பேசினாள்.

"அண்ணன் அவ்வளவு செலவு பண்ணிச்சு. நீங்க ஊரெல்லாம் சொன்னீங்க. உங்களுக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கலைன்னா, என் உடம்புலதான் ஏதோ குறைன்னு நெனச்சேன். நான்தான் சரியா பாத்துக்கலைன்னு நெனச்சேன் அண்ணி."

குற்றம் என் பக்கம் இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு எத்தனையோ மாதம் முன்பே, அது தன் பக்கம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டு, அந்தக் காலோடு நடவு முடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைக்கும்போதெல்லாம் ஐஸ் கட்டியை எடுத்துவந்து முழங்காலில் வைப்பேன்.

கிளினிக்குக்குப் போன் செய்து என் வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். மரியாதையாகப் பேசினார்கள், எடுத்தும் விட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். தீபாவளிக்குத் துணி எடுக்கத் தஞ்சாவூரில் வழக்கமாகப் போகும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை வைத்திருக்கும் பாய். என்னைப் பார்த்ததும் வேலையாளை விலக்கிவிட்டு அவரே புடவைகளை எடுத்துப் போட்டார். பிறகு தயங்கிக்கொண்டே, அந்த முழங்கால் வீடியோவில் இருப்பது நீங்கள்தானே டீச்சர் என்றார். அவர் மகள் காலேஜில் வாலிபால் ஆடுகிறாளாம். விழுந்து, ஜவ்வு அறுந்து, வீட்டில் இருக்கிறாளாம். கல்யாணம் ஆக வேண்டிய பெண், கத்தி வைக்க மனசு வரவில்லை என்றார்.

புடவையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதி கிழிந்ததா முழுசாக அறுந்ததா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டு டாக்டரிடமாவது காட்டுங்கள், என்னைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றேன். நாத்தனாரின் கதையையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கவனமாகக் கேட்டார். கடைசியில், "ஆனா உங்களுக்குச் சரியாயிடுச்சுல்ல டீச்சர்" என்றார்.

பையை வாங்கிக்கொண்டு கடைப் படியில் இறங்கினேன். வாசலில் நின்று அவர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. கொஞ்சம் நொண்டி நடக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாயால் எத்தனை சொன்னாலும், என் கால் அதுபாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடைக்குப் போய்க் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

நாத்தனார் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது கால் நழுவுவதில்லை. காய்ந்த வரப்பில் நடக்கிறாள். மழை பெய்தால் போவதில்லை. நடவுக்கு மெஷின் வைத்துவிட்டாள். மூட்டை தூக்கக் கூடாது, சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, குந்தக் கூடாது. மெத்தை குறைந்த மூட்டு சீக்கிரம் தேயும், வயசான காலத்தில் வலி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. ஊர் வழக்கப்படி தரையில் பாய் விரித்துப் பந்தி. எல்லோரும் உட்கார்ந்தோம். அவளுக்கு மட்டும் வரிசைக் கடைசியில் ஒரு நாற்காலியும், முன்னால் ஒரு ஸ்டூலில் இலையும் போட்டிருந்தார்கள். நான் யோசிக்காமல் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எழுந்து நானும் ஒரு நாற்காலி கேட்கலாமா, அது நடிப்பாகாதா என்று இலையைப் பார்த்தபடி இருந்தேன். பரிமாறுகிறவர்கள் தரையில் இருந்த இலைகளையே பார்த்துப் போட்டுக்கொண்டு போனார்கள், ஸ்டூலைக் கவனிக்கவில்லை.

அவள் கொஞ்சம் குனிந்து, என் காதருகில், "அண்ணி, எனக்கு இன்னும் சோறு வைக்கல, கூப்பிடுங்க" என்றாள். நான் எழுந்து போய், சோற்று வாளியை வாங்கி வந்து அவளுக்குப் போட்டேன்.